செல்வி விழுந்த வாய்க்கால்

செப். 9, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. நாவல், அத். 7: அரைப் பக்கம். அதையும் அடித்துவிட்டேன்.

வாங்க: ரீபிள், கொசுவத்தி, ரொட்டி.

யாரோடும் பேசாமல் மூன்றாவது நாள். டீக்கடையில் தலையாட்டியது சேராது.

இந்த ஊருக்கு வந்ததே செல்விக்காக. போன செப்டம்பரில் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் வழுக்கி விழுந்து, மூழ்கிச் செத்துப்போன பெண். பத்தொன்பது வயது. இந்த வீட்டில்தான் வேலை பார்த்தாள். உடலை முதலில் பார்த்ததும் வீட்டுக்காரர்தான். செய்தித்தாளில் நாலு வரி. அதை ஒரு திகில் நாவலாக்கலாம் என்று வலங்கைமான் பஸ் ஏறி, அதே வீட்டின் மாடியறையை வாடகைக்கு எடுத்தேன். துணிச்சல் என்று அப்போது நினைப்பு.

செப். 10

மதியம் இரண்டு. பின்படிக்கட்டில் ஈரக் கால்தடம். ஏறும் தடம் மட்டும். ஏழாம் படியோடு நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் வராத நேரம். வாய்க்காலும் இந்த வாரம் காய்ந்து கிடக்கிறது.

செல்வியின் அம்மா காமாட்சி பெருக்க வந்தார். மகள் பார்த்த வேலையை இப்போது இவர் பார்க்கிறார். தடத்தைக் காட்டினேன்.

"காஞ்சிரும் தம்பி."

பெருக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனார்.

நாவலுக்கு உதவும் என்று குறித்துக்கொண்டேன். அறைக் கதவைத் தாழிட்டதைச் சேர்க்கவில்லை.

செப். 12, வெள்ளி

காய்ந்த வாய்க்காலைப் பார்த்ததும் சந்தேகம். மூழ்கும் காட்சிக்கு ஆழம் வேண்டுமே. இடுப்பளவா, கழுத்தளவா? மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் போய், செல்வி செத்த தேதியைச் சொல்லிக் கேட்டேன். நோட்டைப் புரட்டக்கூட இல்லை.

"அன்னைக்கு இதுல ஏது தண்ணி? முறை அந்தாண்ட வாய்க்காலுக்குல்ல. இதுல நண்டுல்ல ஓடிக்கிட்டு கெடந்துச்சு."

தண்ணீர் குறைந்தால் ஆறு நாள் ஒரு வாய்க்காலுக்கு, ஆறு நாள் மற்றதற்கு. நிலம் வைத்திருக்கும் எல்லாருக்கும் முறைத் தேதி மனப்பாடமாம். அப்படியென்றால் ஊருக்கே அன்றே தெரியும். செல்வி மூழ்கியது வாய்க்காலில் இல்லை.

இரண்டு மாதமாக, இல்லாத தண்ணீரில் அவளை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. பெரியது. போன செப்டம்பரிலேயே மண் கொட்டி வாழை வைத்துவிட்டார்களாம்.

சாப்பிடவில்லை.

செப். 13

வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்தார். லஸ்கரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் ஊர், அப்பா பெயர், கல்யாணம் எப்போது. பிறகு:

"புக்கு எழுதுறீங்களாம்ல. நல்லது. திங்கக்கெழமை ரூம காலி பண்ணிருங்க தம்பி. வெள்ளையடிக்கணும்."

யாரையாவது அழைக்கலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தேன். கடைசிப் பெயர் வரை.

செப். 14, ஞாயிறு

லஸ்கர் சொன்னதைக் காமாட்சியிடம் சொல்லிவிட்டேன். துடைப்பத்தைக் கீழே வைத்தார். அவருக்கும் தெரியும். மகள் செத்த அன்று காலை செருப்பு நனையாமல் அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் நாற்றுப் பறிக்கப் போனாராம். ஸ்டேஷனில் சொன்னதற்கு, உனக்கு நாள் மறந்திருக்கும் என்றார்களாம். இந்த வீட்டுக்கே வேலைக்கு வந்தது அதனால்தான். வெளியாள் யாராவது வாய் திறந்து கேட்கும்வரை இருப்பதென்று.

"இந்த ஊர்ல எவனும் மனு எழுதித் தரமாட்டான். நீங்க எழுதுவீங்கள்ல."

நாவல் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தேன். முதல் வரி: என் மகள் இறந்த அன்று வாய்க்காலில் தண்ணீர் இல்லை.

நாளை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். திருவாரூர் பஸ் 7.10.

கையெழுத்துப் போட்டார். எழுதியவர் பெயர் வேண்டாமா என்றார். அது கட்டாயமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பேனாவை நீட்டியபடியே நின்றார்.

போட்டேன். முழுப் பெயர், அப்பா பெயர். முகவரிக்கு இந்த வீட்டு எண்.