நான் எழுதிய ஸ்டிக்கர்

கிள்ளான்,
அக்டோபர் 9

அன்பு மகள் பெர்னிஸுக்கு,

அப்பாவின் ஆசீர். இங்கே நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம், மாத்திரை போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம், அதுதான் நலம் என்றால் நலமாகவே இருக்கிறோம். நீயும் அந்த டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன், மாதா உன்னைக் கைவிட மாட்டாள். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று சிரிப்பாய். இரண்டு வரி அனுப்பினால் நீ உடனே கூப்பிடுவாய், கூப்பிட்டால் எனக்குப் பேச வராது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசிவரை படித்துவிட்டுக் கூப்பிடு.

உன் அத்தை மகள் சமந்தாவின் கல்யாணம் டிசம்பரில் முடிவாகிவிட்டது. அம்மா போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் போய், நாலு கடை ஏறி இறங்கி, முதல் கடையில் பார்த்த சேலையையே வாங்கி வந்தாள். உனக்கும் மாம்பழ நிறத்தில் ஒன்று எடுத்திருக்கிறாள். பெண்ணுக்குக் கார் ரேமண்ட் அங்கிள் தருவதாக இருந்தது, இனி தரமாட்டார். நானும் இப்போது அவரிடம் வேலையில் இல்லை. அவர் உன்னைக் கூப்பிட்டு அவர் பக்கத்தைச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்றவர் அவர், நீ அவரை நம்புவாய், அதில் தப்பில்லை.

பந்திங் போகும் சாலையில் இருக்கும் அவருடைய பழைய கார் கடையில் நான் இருபத்தாறு வருஷம் இருந்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கார் விற்றேன், அது ஒன்று. இன்னொன்று, ரொம்ப ஓடிய கார் வந்தால், லேப்டாப்போடு ஓர் ஆள் வந்து மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்துவிட்டுப் போவான். அப்போது ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சர்வீஸ் ஸ்டிக்கரையும் மாற்ற வேண்டும், எத்தனையாவது கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றினார்கள் என்று அதில்தானே எழுதியிருக்கும். பழையதைப் பிய்த்துவிட்டுப் புதியதை எழுதி ஒட்டுவது என் வேலை. மெக்கானிக் எழுதியது போல் கோணலாக எழுதுவேன், எழுதும் முன் கட்டைவிரலில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்வேன். முதல் தடவை இரண்டு ஸ்டிக்கர் வீணாகிப்போயின. பிறகு ஒன்றும் வீணாகவில்லை.

போன மார்ச்சில் பந்திங்கிலிருந்து லோகேஸ்வரி என்று ஒரு பாலர் பள்ளி ஆசிரியை வந்தார். அவர் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் கிள்ளானில் டயாலிசிஸ், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, அதற்காகத்தான் கார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் அவருக்குப் பிடித்துப் போனது. கார் எடுக்க வந்தது வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் கடை வாசலைத் தாண்டிவிட வேண்டும் என்றார். பத்து மணிக்கு, கடைசியா எப்ப சர்வீஸ் செஞ்சாங்க அங்கிள் என்று கேட்டார். அப்போதுதான் அந்த ஸ்டிக்கரை நான் மாற்றவில்லை என்பது நினைவு வந்தது. கழுவிக் கொண்டுவருகிறேன் என்று காரைப் பின்னால் கொண்டுபோனேன். பிய்க்க நேரமில்லை, எழுபத்தெட்டாயிரம் என்று எழுதி பழையதன் மேலேயே ஒட்டிவிட்டேன். பிறகு ஆபீஸ் ஃப்ரிட்ஜில் எப்போதும் வைத்திருக்கும் எலுமிச்சம்பழத்தில் நாலை எடுத்து நாலு டயருக்கும் வைத்தேன், நான் வேதக்காரன் என்றாலும் கடையில் அதுவும் என் வேலைதான். அவர் கும்பிட்டுவிட்டு ஏறினார். பத்து இருபதுக்குப் போய்விட்டார்.

ஐந்து வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. அவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் ரோட்டிலேயே நின்றுவிட்டது, அன்றைக்கு டயாலிசிஸ் தவறி அந்த அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைக்கு போன் செய்தபோது ரேமண்ட் அங்கிள், உள்ளபடியே வாங்கிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டாச்சு, இப்ப வந்து கேட்டா எப்படிலா என்று சொல்லி போனை வைத்துவிட்டார். கையெழுத்து வாங்கியதும் நான்தான், பாதி நிரப்பாத தாளில். பந்திங்கில் வேறொரு மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்து, ஸ்டிக்கர் தடிமனாக இருக்கிறதே என்று சுரண்டியிருக்கிறான். அடியில் நூற்று எண்பத்தேழாயிரம். லோகேஸ்வரி அதைப் படம் பிடித்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போய்விட்டார்.

அந்த மன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, கம்பெனி என்றால் அங்கே வேலை செய்கிறவர் யாராவது வரவேண்டும். நீ போ வாலண்டைன், உன் மூஞ்சியப் பார்த்தா யாருக்கும் திட்ட மனசு வராது என்று ரேமண்ட் அங்கிள் சிரித்தார். கார் வந்தபோதே அப்படித்தான் இருந்தது, ஸ்டிக்கரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வரச்சொன்னார். சரி என்றுதான் தலையாட்டினேன். உன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அவர் மனைவி பத்து நாள் நமக்குச் சோறு ஆக்கிப் போட்டதை நான் மறக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அன்று காலையில் நான் முழுதுமே அப்படி இருந்தேன், பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

தலைவராக இருந்தது ஒரு மலாய்க்கார அம்மா. நான் கையெழுத்துத் தாளைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, என்ன தாளில் கையெழுத்து வாங்கினாலும் வாங்குகிறவருக்குச் சட்டம் தருவது போய்விடாது, சொன்னபடி பொருள் இருக்க வேண்டும், உழைக்க வேண்டும், பழைய காருக்கும் அது பொருந்தும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு அந்தப் படத்தை என் பக்கம் தள்ளி, மேலே இருக்கும் ஸ்டிக்கரை எழுதியது யார், தெரியுமா என்றார். என் கையெழுத்தைப் பார்த்தேன், ஓரத்தில் என் கட்டைவிரல் கறையும் இருந்தது. சாயா, புவான் என்றேன், நான்தான் என்று. வீரமாக எழுந்து நின்று சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல் வாயில் வந்துவிட்டது. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் பதினாலு நாளில் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே லோகேஸ்வரி நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. அன்னைக்கி நீங்கதானே அங்கிள் எலுமிச்சம்பழம் வச்சீங்க என்று மட்டும் கேட்டார். ஆமாம்மா என்றேன். அவர் லிஃப்டுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை பெர்னிஸ், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரேமண்ட் அங்கிள் திட்டவில்லை. ஆபீஸ் சாவியைக் கொடுத்தனுப்பும்படி ஒரு செய்தி வந்தது, கொடுத்தனுப்பினேன். போன ஞாயிறு கோவிலில் அவர் குடும்பம் அந்தப் பக்கத்து பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தது. அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருபத்தாறு வருஷம் வாய மூடிட்டு இருந்தீங்க, இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருக்கக்கூடாதா என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. செலவுக்கு நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம், சேமநிதி இருக்கிறது. மீட்டர் விஷயமாகப் போலீஸ் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வேன். நீ அங்கே கார் வாங்கப் போவதாகச் சொன்னாயே, மீட்டரைப் பார்க்காதே, பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார். உனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போ, வாயால் சொல்வதையெல்லாம் எழுதி வாங்கு, நிரப்பாத தாளில் கையெழுத்துப் போடாதே. எவ்வளவு நல்ல மனுஷன் போலத் தெரிந்தாலும் போடாதே.

இனி எழுதப்போவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ டப்ளின் போவதற்கு முன் உன் வெள்ளைக் காரை விற்கச்சொல்லி அங்கிளிடம் விட்டுப் போனாய். அதற்கும் ஸ்டிக்கர் எழுதியது நான். உன் கார் என்று தெரிந்துதான் எழுதினேன். செந்தூலில் குகன் என்ற பையன் வாங்கினான், கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாங்கி மூன்று வருஷத்துக்குள் மன்றத்தில் கேட்க வேண்டும், அவனுக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் தேதியோடு முடிகிறது. திங்கட்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாசலில் நின்ற காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு, கார் நல்லாத்தான் ஓடுது அங்கிள், ஆனா உண்மையில எவ்வளோ ஓடின கார் அது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பழைய ஸ்டிக்கரைப் படித்துப் பார்க்காமலே பிய்த்துப் போட்டிருக்கிறேன்.

நீ பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போடும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து போனில் எழுதி வைப்பாய், அழித்திருக்க மாட்டாய். கடைசியாக எழுதிய எண்ணை, தேதியோடு, உன் பெயர் போட்டு அவனுக்கே அனுப்பு. அவன் நம்பரைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவன் மன்றத்துக்குப் போனால் நான் அவன் பக்கம் உட்காருவேன். எனக்கு அனுப்பாதே, என் வழியாகப் போன எண்ணை அவன் எப்படி நம்புவான்.

அங்கிள் கூப்பிட்டால் மரியாதையாகப் பேசு. ஆண்டவர் உன் கையையும் உன் வேலையையும் ஆசீர்வதிப்பாராக, மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காப்பாளாக. பதினெட்டாம் தேதியை மறந்துவிடாதே.

உன் அப்பா,
வாலண்டைன்