முப்பத்தேழில் முளைக்காதது

ஏப்ரல் 22, 2025

இன்றும் கேட்டேன். ஆய்வேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி. என் வழிகாட்டி அழகுபாண்டி சார் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "நீ போயிட்டா இந்த ஈஸ்ட்ட யாரும்மா பாக்குறது? அஸ்வினியத் தயார் பண்ணு. அவ கையில சரியா வந்த அன்னைக்கே போடுறேன்."

ஜூலையில் பெங்களூருவில் வேலையில் சேர வேண்டும். ஆசிப் அங்கே தானே பொங்கித் தின்றுகொண்டிருக்கிறார். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம், சேர்ந்திருந்ததெல்லாம் லீவு நாட்களில்தான்.

ஏப்ரல் 24

அஸ்வினி முதல் வருஷ ஆய்வு மாணவி. உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: மரபணு மாறிய இந்த ஈஸ்ட் இருபத்தைந்து டிகிரியில் நன்றாகப் பெருகும். முப்பத்தேழுக்கு ஏற்றினால் பெருகுவதை நிறுத்திவிட்டுப் புரதத்தைச் சுரக்கும். எங்கள் ஆய்வுக்குப் பணம் தரும் கம்பெனிக்கு வேண்டியது அந்தப் புரதம். ஆனால் ஒன்றிரண்டு பழைய குணத்துக்கே திரும்பிவிடும். அதுகள் சூட்டிலும் கொழுக்கும், புரதம் தராது. அதனால் தட்டில் வளர்ந்த புள்ளிகளை வெல்வெட் துணியில் ஒற்றி இரண்டு தட்டில் பதித்து, ஒன்றை இருபத்தைந்திலும் மற்றதை முப்பத்தேழிலும் வைக்க வேண்டும். சூட்டில் முளைக்காத புள்ளிதான் நமக்கு வேண்டியது.

"வெல்வெட் எங்கக்கா வாங்குறீக?"

"விளக்குத்தூண்லதான். ஜவுளிக்கடையில."

விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண்.

மே 6

போச்சு. பெரிய வளர்ப்புக் கலனில் சூடேற்றிய பிறகும் ஈஸ்ட் பெருகிக்கொண்டே போனது. புரதம் துளிகூட இல்லை. அஸ்வினி இருப்பதிலேயே கொழுத்த புள்ளிகளாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். "விதைக்குன்னா நல்லா வளந்ததத்தானக்கா எங்க வீட்டுல எடுப்பாக?" என்கிறாள். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கும் நாள். ஊரே லீவு, பஸ்ஸும் இல்லை. பழங்காநத்தம் வரை நடந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆய்வகத்துக்குப் போனேன். ஈஸ்டுக்கு ஏது லீவு?

மே 20

மறுபடியும் அதே தப்பு. படித்துப் படித்துச் சொன்னேனே!

மே 29

மூன்றாவது முறையும். "இன்னும் கொஞ்ச நாள் இரேம்மா, என்ன அவசரம்?" என்றார் சார். என்ன அவசரமாம்! நான் என்ன இந்த ஆய்வகத்துக்கு நேர்ந்துவிட்ட ஆடா?

குளிர் அறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நான் கம்பளியோடு. நாலு வருஷமாக இதுதான்.

ஜூன் 7

பக்ரீத். "இன்னைக்குமாம்மா போகணும்?" என்று அத்தா கேட்டார். பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனேன்.

ஆய்வகத்தில் யாருமில்லை. ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு தட்டுகள். அஸ்வினி கையெழுத்து. இருபத்தைந்தில் வைத்ததில் வரிசையாகப் புள்ளிகள். முப்பத்தேழில் வைத்தது துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

தேதி, மே 16. இரண்டாவது தடவை தப்பு நடக்கும் முன்பே அவளுக்குக் கை வந்துவிட்டது. வேண்டுமென்றே கெடுத்திருக்கிறாள்.

ஏன்? நான் அவளுக்கு என்ன செய்தேன்?

ஜூன் 9

கேட்டேன். மறைக்கவில்லை.

"எனக்கு வந்துருச்சுன்னா நீங்க போயிருவீக. அப்புறம் சார் என்னைய விடுவாரா? உங்களையே இம்புட்டு வருசம் விடல."

தட்டுகளைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றினேன்.

"வேற கைடுக்கு மாறக் கேட்டிருக்கேன்க்கா. ஆகஸ்ட்ல சொல்லிருவாக. அதுவரைக்கும் சார்ட்ட சொல்லிராதீக."

சரி என்றேன்.

ஜூன் 10

ஆகஸ்டில் அவள் தப்பிப்பாள். நான்? ஜூலையோடு என் வேலை போய்விடும். இவளும் இல்லையென்றால் சார் அடுத்த ஆள் வரும்வரை என்னைத்தான் பிடித்து வைப்பார். என் நாலு வருஷத்துக்கு யார் பாவம் பார்த்தார்கள்?

சரி என்று ஏன்டி சொன்னாய்?

ஜூன் 13

ஆசிப் வீடு பார்த்துவிட்டாராம். பால்கனி இருக்கிறதாம்.

ஜூன் 16

இரண்டு தட்டுகளையும் சார் மேஜையில் வைத்தேன். "அஸ்வினி செஞ்சது சார்."

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பரவாயில்லையே! இனி நாலஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல." அங்கேயே கையெழுத்துப் போட்டார். அஸ்வினியைக் கூப்பிட்டுப் பாராட்டினார். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தேங்க்யூ சார்" என்றாள்.

குளிர் அறைச் சாவியை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஏதாவது திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஆணியில் தொங்கிய என் கம்பளியைக் காட்டி, "இத விட்டுட்டுப் போறீகளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.