டைட்டில் ஓடி முடியறதுக்குள்ள

சைதாப்பேட்டை
23.6.2025

ஏ ரத்னா,

நல்லா கீறியா? முட்டி வலி கொறஞ்சுதா? மீன் வரத்து எப்டி? போன் எப்பவும் உம் பொண்ணு தாரணி கையிலயே கீது, அதான் காயிதம். எங்க ஸ்டாண்டு கரீமுல்லா பாய் மீன் வாங்க உங்க குப்பத்துக்கு வராரு, அவராண்ட குடுத்து வுட்டுக்கீறேன். சங்கரா கேப்பாரு, முள்ளு பாத்துக் குடு. போன வாட்டி தொண்டைல மாட்டிகினு சவாரியே ஓட்டல.

இன்னா சொல்ல வந்தேன்? ஆங், படம். நேத்து ஸ்டாண்டுல குந்திகினு, நாம தல காட்டுன, நம்ம டைரக்டரு எடுத்த மூணு படத்தையும் போன்ல போட்டு, ஆரம்பத்த மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒருத்தரு வந்து "தி.நகர் வருமா?"ன்றாரு. "இரு சார், டைட்டில் முடியட்டும்"னேன். போய்ட்டாரு.

மனுசன் எதுலயும் ஹீரோவ மொதல்ல காட்டறதே இல்ல ரத்னா. டைட்டில் ஓடி முடியற வரிக்கும் நம்மள மாதிரி கூட்டத்துல நிக்கற ஜனம்தான். மொத படத்துல எங்க மார்க்கெட்டு. அந்தக் கோடில நீ மீன் கூடையோட, இந்தக் கோடில நான் ஆட்டோவ தள்ளிகினு. ரெண்டாவதுல மயிலாப்பூர் பஸ் ஸ்டாப்பு, மழை. ஒரே கொடைல நான், நீ, நடுவுல ஒரு பெரியவரு. மூணாவதுல ரயில்வே ஸ்டேசன். எம் பங்கு முடிஞ்சி நான் ஓரமா நின்னேன். நீ சும்மா நடந்து வரணும், அவ்ளோதான். நீ இன்னாடான்னா நேரா கேமராவப் பாத்து சிரிச்சிட்ட! டைரக்டரு கத்திட்டு உன் மூஞ்சிய வெட்டிட்டாரு. இப்ப படத்துல உன் முதுகு மட்டும்தான் கீது. கேமராவ பாக்கக் கூடாதுன்னு இன்னுமா தெரில? எனுக்கு வயிறு எரியுது.

வெள்ளிக்கெழம நாலாவது படத்தோட ஆரம்பம் எடுக்கறாங்க, கோயில் கொளத்தாண்ட. மொபெட்ல போற புருசன் பொண்டாட்டி வோணுமாம். "யார்னா கீறாங்களா?"ன்னு மேனேஜரு கேட்டாரு. "கீறோம் சார், நானும் ரத்னாவும்"னுட்டேன். வாய்ல வந்துட்ச்சு. திருப்பி எடுத்துக்கவும் மனசு வரல. வருவியா?

தணிகாசலம்


ஊரூர் குப்பம்
24.6.2025

யோவ் தணிகாசலம்,

காயிதம் வந்துச்சு. முள்ளு பொறுக்கிக் குடுக்க நான் இன்னா நர்சா?

உனுக்குப் படமே பாக்கத் தெரில. மொத படத்து ஆரம்பம்தான் டாப்பு. அதுல நீ நடிக்கவே இல்ல, வண்டி நெஜமாவே ஸ்டார்ட் ஆவல. முழிச்ச பாரு ஒரு முழி! தியேட்டர்ல சிரிப்ப அடக்க முடில. ரெண்டாவதுல அந்தப் பெரியவரு தொப்பலா நனஞ்சிகினு கீறாரு பாத்தியா? நீ கொடைய எம் பக்கமே சாச்சிப் புடிச்ச. பாவம், அவரு தும்முனதையும் சேத்துதான் படத்துல வெச்சிட்டாங்க.

கேமராவ எவ பாத்தா? கேமராக்குப் பக்கத்துல நீ நின்னுகினு இருந்த, வாய் நெறைய பன்னோட. அதப் பாத்துதான் சிரிச்சேன்.

நடிக்க மட்டும்னா வேற ஆளப் பாத்துக்கோ. எம் புருசன் போனதுல இருந்து நானும் தாரணியும்தான். வியாழக்கெழம காலைல அவ வூட்லதான் இருப்பா. நீயே வந்து கேளு. அவ வேணாம்னா கொளத்தாண்ட நான் வர மாட்டேன். காயிதமும் போடாத.

ரத்னா


குப்பம், உன் வூட்டு வாசல்
26.6.2025

ரத்னா ரத்னா,

நீ மார்க்கெட் போய்க்கீற. நான் உன் வூட்டு முன்னால ஆட்டோல குந்திகினு எழுதறேன். உன் காயிதத்தப் படிச்சதுல இருந்து எந்தத் தெருவுல வண்டி ஓட்றேன்னே தெரில. அடையாறு போவணும்ன அம்மாவ மயிலாப்பூர்ல எறக்கி வுட்டேன். அவங்க திட்டறாங்க, நான் சிரிக்கறேன்.

கேட்டுட்டேன். படத்துல நடிக்கன்னு இழுத்தேன். தாரணி மூஞ்சிக்கு நேரா, "படத்துக்கா அங்கிள், வூட்டுக்கா?"ன்னுச்சு. அப்டியே உன் வாய். "வூட்டுக்குதாம்மா"ன்னேன். கதவ சாத்திகினு உள்ள போய்ட்ச்சு. நான் கெளம்பல. வேணாம்னு சொன்னா, அதையும் இதுலயே எழுதி வெச்சிட்டுப் போலாம்னு கீறேன். உள்ள பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குது. எதிர் வூட்டு நாய் வேற வந்து என்ன மோந்து பாத்துட்டு, வோணாம்னு போவுது.

இரு, கதவு தொறக்குது. "இன்னும் இன்னா எழுதிகினு கீறீங்க? தோச ஆறுது, உள்ள வாங்க. அம்மாக்கு எடுத்து வெச்சிட்டேன்"ன்னுது. வரேம்மா, வந்துட்டேன்! ரத்னா, நாளைக்கு மொபெட்ட நான் மெதுவாதான் ஓட்டுவேன், நீ பின்னால குந்திகினு எந் தோளப் புடிச்சிக்கோ. தோச ஆறுது, மீதிய நேர்ல சொல்றேன்.