ஒரு கொப்புளம்கூட இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கவேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. தம்பிக்கு ஒட்டிப்போன வலதுகை விரல்களைப் பிரிக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அவனே போனில் சொல்லியிருப்பான், கூடவே மயக்கமருந்து டாக்டரம்மாவின் புராணத்தையும் பாடியிருப்பான். என் பக்கத்தையும் நீ கேட்கவேண்டாமா, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அவன் தோல் உனக்குத் தெரியாததா, பிறவிக் கோளாறு, பிளாஸ்திரி ஒட்டிப் பிரித்தால் தோலும் கூடவே வந்துவிடும், அவசரமாகப் பிடித்துத் தூக்கினால் கொப்புளம், அந்தப் புண் ஆறி ஆறித்தானே விரல்களும் ஒட்டிப்போயின. பிறந்ததிலிருந்து அவனைக் குளிப்பாட்டிக் கட்டுப் போட்டது இந்தக் கைதான், உன் அம்மாவைக்கூட நான் கிட்டே விட்டதில்லை. கத்தியைவிட மயக்கம் கொடுப்பதுதான் எனக்குக் கிலி, மாஸ்க்கை முகத்தில் அழுத்துவார்கள், குழாயை ஒட்டுவார்கள். அந்த டாக்டரம்மாவிடம் பாடம் நடத்த ஆரம்பித்தேன், அவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தம்பி, எப்படித் தொட்டா வலிக்காது?" என்றார். இத்தனை வருஷத்தில் நான் அவனை அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் வாய் ஓயாமல் சொல்கிறான். உள்ளே போனதும் மாஸ்க் விளிம்பிலும் தன் கையுறையிலும் வாசலின் தடவிக்கொண்டாராம், குழாயை ஒட்டாமல் மெத்தென்ற துணியால் கட்டினாராம், யாரும் தூக்கக்கூடாது என்று அவனையே மேஜைமேல் ஏறிப் படுக்கச் சொன்னாராம்.

உன்னிடம் மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. வார்டுக்குக் கொண்டுவந்ததும் போர்வையை விலக்கிக் கன்னம், தாடை, முதுகு என்று தேடினேன், ஒரே ஒரு கொப்புளம் இருந்துவிடாதா, அந்த அம்மாவை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாமே என்று. பெற்றவன் தேடுகிற தேடலா இது? ஒன்றுமே இல்லை. அரைத் தூக்கத்தில் அவன், "என்னப்பா, ஒண்ணும் கிடைக்கலையா?" என்கிறான். உன் அம்மா வராந்தாவுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

கட்டுப் பிரித்தாயிற்று. நேற்று வழக்கம்போலச் சட்டைப் பொத்தான் போட்டுவிடப் போனேன், "இருப்பா" என்று தள்ளி நின்று நடுங்கி நடுங்கி ஒரு பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். அந்த விரல்கள்மேல் பட்ட பொறாமை டாக்டரம்மாமேல்கூட நான் படவில்லை. மீதிப் பொத்தான்களை என்னிடம் விட்டுவிட்டான், கை வலித்தா, என்னைப் பார்த்து இரக்கப்பட்டா, தெரியவில்லை.

அடுத்த மாதம் இடதுகை. அதே அம்மாதான் வேண்டுமாம். வாசலின் டப்பாவை நானே வாங்கிவைத்துவிட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். தம்பியோடு பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதே, என்னையும் கூப்பிடு.

பாதி வேலை பறிபோன
உன் அப்பா