தண்ணீர் இல்லாத துறைமுகம்

மேசை இழுப்பறையைத் துடைக்கையில் அந்தக் கண்டெய்னர் சீல் தட்டுப்பட்டது. விரல் நீள இரும்பு ஆணி, துருவேறிவிட்டது. உனக்கு வந்த முதல் பெட்டியை வெட்டித் திறந்த கையோடு, "நினைவுப் பரிசு" என்று எனக்கு அனுப்பினாயே, அதேதான். செத்தவனைத் திட்டக் கூடாதாம். நான் பத்தாவதில் இரண்டு முறை தவறியவன். அந்தப் பாடம் வந்த அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

செகந்திராபாத்தில் நாம் கூட்டாக நடத்திய லாரி புக்கிங் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஆடுகிற நாற்காலி எப்போதும் எனக்கு. ஊருக்கு வெளியே உலர் துறைமுகம் வருகிறது, சுங்கச் சோதனை அங்கேயே முடிந்து பெட்டிகள் ரயிலேறி நேரே கப்பலுக்குப் போகும் என்று பேச்சு வந்தபோது, உள்ளே இடம் கேட்டு நம் இருவர் பெயரிலும் விண்ணப்பப் பாரம் எழுதியவன் நான். நீ அதைத் தூக்கி டிரைவர்களுக்கெல்லாம் காட்டினாய்.

"துறைமுகங்கான், தண்ணி எங்கல இருக்கு? உசேன் சாகர் ஏரியிலயா கப்பல் விடப்போற?"

எல்லாரும் சிரித்தார்கள். தூத்துக்குடிக்காரன் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, கல்யாணத்துக்குப் பிறகே கடலைப் பார்த்த நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா, அந்தப் பாரத்தில் மிக்சர் கொட்டித் தின்றேன்.

இடம் கிடைத்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்தது. உன் பெயர் மட்டும். எனக்குத் தெரியாமல் தனியாகப் பாரம் போட்டிருக்கிறாய். கேட்டதற்கு, "நீதானல நக்கோன்னு சிரிச்ச" என்றாய், வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் ஹைதராபாத் சொல்லையே எடுத்து.

மருந்துக் கம்பெனிக்காரர்களும் மிளகாய் மண்டிக்காரர்களும் உன் வாசலில் நின்றார்கள். என் லாரிகள் பழையபடி சென்னைத் துறைமுக வாசலில் நின்றன. உன் சாவுக்கு வந்தேன், மாலை போட்டேன். மன்னிக்கவில்லை.

இப்போது அங்கே புதிதாக இடம் தருகிறார்கள். நேற்று மகள் பாரத்தோடு வந்தாள். ஆபீஸை அவள்தான் பார்க்கிறாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள். "ஈ ரோஜே லாஸ்ட் டேட். சந்தகம் பெட்டு நான்னா" என்றாள். இன்றே கடைசி நாள், கையெழுத்துப் போடு அப்பா என்று.

நான் வாயைத் திறந்தேன். "தண்ணி எங்க இருக்கு?" என்றுதான் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. பாரத்தை மடிக்க ஆரம்பித்தாள். பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் என் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிற்று.

சீலைக் குப்பையில் போட்டுவிட்டேன். உன் கேள்வியை எங்கே போடுவது? அது என் வாயிலேயே கிடக்கிறது. இனி அவள் எந்தப் பாரத்தோடு வந்தாலும், முதலில் நான் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.