உன் வயிற்றுக் குடித்தனக்காரர்கள்

அன்புள்ள மனைவிக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்தாயிற்று. உன் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கினாள், அறிவியலில்தான் தட்டுத் தடுமாறியிருக்கிறாள். ஆராய்ச்சியாளர் பெற்ற பெண்ணா இது என்று டீச்சர் கேட்டாராம்.

ஞாயிறு காலை உன் ஆய்வுக்கூடத்து நெட்டையண்ணன் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நீ போயிருக்கும் ஊரில் கருத்தரங்க மேடையிலேயே மயங்கி விழுந்தாய் என்றார். என்னிடம் நீ சொன்னது, காலையில் சாப்பிடாததால் லேசாகத் தலை சுற்றியது என்று மட்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கிவிட்டதாமே. "மாத்திரை போட்டா புழுவெல்லாம் போயிடும் சார். மேடம் போட மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

எந்தப் புழு என்று கேட்டேன். மனிதர் முகம் வெளிறிப்போனது. "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். குடலில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் உன் கொக்கிப்புழு எலிக்குள் நிலைக்காது, மனிதக் குடல்தான் வேண்டும். அதைச் சுமக்க ஒப்புக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். வம்சம் அறுந்துவிடக் கூடாதென்று நீயே சுமக்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. போதாக்குறைக்கு, இந்த வருஷம் யாரையும் கேட்காமல் எண்ணிக்கையையும் கூட்டியிருக்கிறாய். அது அவருக்கே போன மாதம்தான் தெரிந்ததாம்.

நான் யார்? ஒரு கரப்பான் பூச்சிக்காக ஓட்டல் சமையலறையைப் பூட்டி சீல் வைக்கிற சுகாதார ஆய்வாளர். ஊரெல்லாம் கை கழுவச் சொல்லித் திரிகிறவன் வீட்டில், பக்கத்துத் தலையணையில், புழுக்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. கழிவறை உள்ள வீட்டில் பிறருக்கு ஒட்டாது என்று அவர் ஆறுதல் சொன்னார். எனக்கு ஒட்டுமா என்றா நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்? நீ அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துபோன நாளெல்லாம் கண்முன் வந்தது. வேலைப் பளு என்று நினைத்திருந்தேனே.

கோபம் இன்னும் ஆறவில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை இந்தப் புழு எப்படி அடங்க வைக்கிறது என்று தெரிந்தால், தன் உடம்பே தன்னைத் தாக்கும் நோய்க்காரர்களுக்கு வழி பிறக்கும் என்பாய். பதினாறு வருஷ உழைப்பு, எனக்கும் தெரியும். அதற்காகப் பெற்ற பிள்ளையை மறந்து உயிரைப் பணயம் வைப்பதா? உனக்கு ஏதாவது ஆனால் அவளிடம் நான் என்ன சொல்வேன், உன் அம்மா ஒரு புழுவைக் காப்பாற்றப் போனாள் என்றா?

திங்கள்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு உன் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். விலகியவர்களின் இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். என் ரத்தத்தைச் சோதித்தார்கள், குறையே இல்லை. குழுவின் மருத்துவர் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார், மனைவிக்காகவா செய்கிறீர்கள் என்றும் கேட்டார். ஆமாம் என்றேன். நீ அங்கிருந்து அனுப்பிய மல மாதிரியில் பொரித்து, மிஞ்சி உயிரோடிருந்த பத்துக் குஞ்சுப் புழுக்களை நேற்று என் முன்கையில் வைத்துக் கட்டுப் போட்டார்கள். அரிப்பு தாங்கவில்லை. அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே சீல் வைத்துவிடுவார்கள்.

அவை எனக்குள் பிழைத்தனவா என்று தெரிய இரண்டு மாதம் ஆகும் என்கிறார் நெட்டையண்ணன். நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அதுவரை பொறுத்துப் பார்க்கலாம் என்பாய். கூடாது. பிழைத்தால் உன் ஆராய்ச்சிக்கு அதிர்ஷ்டம். செத்தால் நீ அழு, நானும் கூட அழுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் மாத்திரையைப் போட்டுவிடு.

நீ பல்லாண்டு வாழ வேண்டும். சண்டை போட எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் கணவன்