அத்தானின் வலது கை

1962, ஞாயிறு இரவு

துறைமுகத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து வலது கை விளங்கவில்லை என்கிறார் அத்தான். அக்காதான் வேலைக்கும் போய், அவருக்குச் சோறும் ஊட்டுகிறாள். ஆனால் இன்று அவரோடு குவீன்ஸ்டவுன் வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் குலுங்கியதும் அதே கை கம்பியை இறுகப் பிடித்தது. என் கண்ணால் பார்த்தேன். நடிக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் கச்சாங் பூத்தே, அதுதான் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் கொட்டினேன்.

“எடுத்துச் சாப்பிடுங்க அத்தான்.”

வலது கையை நீட்டினார்; ஐந்து விரலும் சேர்ந்தே மடங்கின. கடலை உருண்டு ஓடியது.

“முடியல லா, மச்சான்.”

நான் நம்பவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக் குரங்கும் இப்படித்தான். மூளையில் கைக்கான இடத்தை டாக்டர் வெட்டி எடுத்த பிறகும் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறுகிறது; கடலையைப் பொறுக்க மட்டும் அதற்கு வரவில்லை. “விரல தனித்தனியா ஆட்டத்தான் அந்த இடம் வேணும்,” என்றார் டாக்டர். சரி, குரங்குக்குப் பொய் தெரியாது. அத்தானுக்குத் தெரியுமே!

கதவு மறைவில் நின்று கவனித்தேன். யாரும் இல்லை என்று நினைத்தபோதும் வலது கையை நீட்டவில்லை; இடது கையால் ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கையைக் கைலியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.